துளிர்த்த கொடியும் திரளாத காயும்

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் ரயில் சந்திப்பும் நினைவுக்கு வரும். கார்த்திகை மாதமென்றால் பீங்கான் அகல்விளக்கும் பொம்மைகளும் நினைவுக்கு வரும். ஊரைத் தாண்டிச் செம்மண் மேட்டில் ஏறினால் வேறு உலகம். முந்திரித் தோப்புகளுக்கு நடுவே மல்லாட்டைக் கொல்லைகள். மற்ற மாவட்டத்துக்காரர்கள் நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் சொல்வதுதான் இங்கே மல்லாட்டை, மணிலா. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. வி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளோடு தொடங்கும் நிலக்கடலை ரகங்களெல்லாம் இங்கே உருவானவை. ஆடிப்பட்டத்தில் மானாவாரியாக விதைத்த கொல்லையில் மழை இருபது நாள் தள்ளிப்போனால் கொடி வாடுகிறது, இலை மடிகிறது, மண் வெளுக்கிறது. பிறகு ஒரு நல்ல மழை இறங்கியதும் இரண்டே நாளில் கொல்லை பச்சைப்பசேலென்று ஆகிவிடுகிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் பயிர் பிழைத்துக்கொண்டது என்கிறார்கள். அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. செடி பிழைத்திருக்கும், விளைச்சல் பிழைத்ததா என்பதை இலையின் பச்சையை வைத்துச் சொல்ல முடியாது. அது வறட்சி எந்த நாளில் வந்தது, தண்ணீர் எந்த நாளில் கிடைத்தது என்பதைப் பொறுத்தது. பயறு குடும்பத்துச் செடிகளில் நடந்த ஆய்வுகள், அதிலும் உலகம் முழுக்க அதிகம் ஆராயப்பட்ட சோயாவில் நடந்தவை, இதைத் தெளிவாகவே காட்டுகின்றன.

தண்ணீர் குறையும்போது செடி சும்மா வாடிக் கிடப்பதில்லை. மண்ணில் செடிக்கு எட்டக்கூடிய ஈரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீரும்வரை அது வழக்கம்போல் நீரை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். மிச்சம் மூன்றில் ஒரு பங்கு ஆகும்போதுதான் சிக்கனம் தொடங்குகிறது. வேரும் இலையும் அப்சிசிக் அமிலம் என்ற பொருளைச் சுரக்கின்றன. இலையின் அடிப்புறத்திலும் மேற்புறத்திலும் உள்ள நுண்துளைகள் அதைக் கேட்டு மூடிக்கொள்கின்றன. நீர் வெளியேறுவது நிற்கிறது. கூடவே காற்றிலிருந்து கரியமில வாயு உள்ளே வருவதும் நிற்கிறது. அதாவது செடி தாகத்தைத் தவிர்க்கப் பசியை ஏற்றுக்கொள்கிறது. நிலக்கடலையில் இது கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு காம்பிலும் நான்கு சிற்றிலைகள். வெயில் ஏற ஏற அவை இரண்டிரண்டாக மேல்நோக்கி மடிந்து, சூரியனுக்குத் தட்டையான முகத்தைக் காட்டாமல் விளிம்பைக் காட்டும். சாயங்காலம் விரிந்துவிட்டால் பெரிய கவலை இல்லை. பொழுது நன்றாக விடிந்த பிறகும் மடிந்தே இருந்தால் வேருக்கு எட்டும் ஈரம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கும் கீழே வேர், வளர்ச்சியை நிறுத்தாமல் ஈரத்தைத் தேடி இறங்கிக்கொண்டிருக்கும். மேலே குறுகி, கீழே நீளுவது வறட்சியில் செடி எடுக்கும் முதல் முடிவு.

இலைக்கு முன்பே அடிபடும் இடம் ஒன்று உண்டு, வேர் முடிச்சு. பயறு வகைச் செடிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தமக்கு உரமாக மாற்றிக்கொள்வது அந்த முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாவால்தான். மண் காயத் தொடங்கியதும் சோயாவில் இலையின் உணவுத் தயாரிப்பு குறைவதற்கு முன்னாலேயே இந்த வேலை குறைந்துவிடுகிறது. 1995-இல் தாமஸ் சின்க்ளேர், ராஷித் செர்ராஜ் என்ற இரு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு முக்கியமான ஒப்பீட்டை வெளியிட்டார்கள். முடிச்சில் பிடித்த நைட்ரஜனை யூரைடு என்ற வடிவில் இலைக்கு அனுப்பும் சோயா, தட்டைப்பயறு போன்ற செடிகள் வறட்சியில் சீக்கிரம் சோர்ந்துபோகின்றன. அமைடு வடிவில் அனுப்பும் நிலக்கடலை, கொண்டைக்கடலை போன்றவை அதைவிட நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன என்றது அந்த ஆய்வு. மானாவாரி மேட்டில் நம் விவசாயிகள் மல்லாட்டையை நம்பியதற்குப் பல காரணங்கள் உண்டு. செடியின் உள்ளே ஓடும் இந்த வேதியியலும் அதில் ஒன்று என்று சொல்லலாம்.

இனி மழை பெய்த பிறகு நடப்பதைப் பார்ப்போம். இலைகளில் நீர் ஏறுவது ஓர் இரவு வேலை. மறுநாள் காலையில் கொல்லை நிமிர்ந்து நிற்பது அதனால்தான். ஆனால் நுண்துளைகள் உடனே முழுசாகத் திறப்பதில்லை. வறட்சிக் காலத்தில் சேர்ந்த அப்சிசிக் அமிலம் கரைந்து குறைய நேரம் பிடிக்கிறது. ஆகவே இலை நிமிர்ந்த பின்னும் உணவுத் தயாரிப்பு பழைய அளவுக்கு வரச் சில நாள் ஆகும். வறட்சி மிதமாக இருந்திருந்தால் முழுதும் திரும்பும்; கடுமையாக, நீண்டு போயிருந்தால் வயதான அடியிலைகள் உதிர்ந்துவிடும், மிச்ச இலைகளும் பழைய வேகத்தை எட்டுவதில்லை. முடிச்சுகள் இன்னும் தாமதம். காய்ந்துபோன முடிச்சு உயிர்க்காது, புதிதாகத்தான் கட்ட வேண்டும். ஆக மழைக்குப் பிறகு கண்ணுக்கு முதலில் தெரியும் மாற்றமே எல்லாவற்றிலும் எளிதாக நடக்கும் மாற்றம். விளைச்சலுக்கு வேண்டிய மற்றவை அதன் பின்னால் வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையின் கடைசியில் இருப்பவை சில, தண்ணீர் வந்தாலும் திரும்பாதவை.

இந்த வேற்றுமையை விருத்தாசலத்துக்காரர்களுக்கு விளக்குவது எளிது. வார்த்த பீங்கான் பொம்மை வெயிலில் காய்ந்து கல்லாக நின்றாலும், அதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் கரைந்து மறுபடி களிமண்ணாகிவிடும். அதையே சூளையில் வைத்து 600 டிகிரியைத் தாண்டவிட்டால் களிமண்ணின் துகளுக்குள்ளேயே பிணைந்திருந்த நீரும் போய்விடுகிறது. பிறகு ஆண்டுக்கணக்கில் நீரில் ஊறினாலும் அது மண்ணாகாது. செடியின் வாட்டமும் இரு வகைதான். இலை மடிவது, துளை மூடுவது, வளர்ச்சி நிற்பது எல்லாம் காய்ந்த பச்சைமண். பூவிலிருந்து கிளம்பும் விழுது மண்ணில் இறங்காமல் போவது, பருப்பு சிறுத்துப் போவது, பூசண நச்சு ஏறுவது எல்லாம் சூளை தாண்டியவை.

நிலக்கடலையில் இந்தத் திரும்பாத சேதம் நிகழும் இடம் கண்ணுக்கு மறைவாக இருப்பதுதான் பெரிய சிக்கல். விதைத்த இருபத்தைந்து, முப்பதாம் நாளில் மஞ்சள் பூ எட்டிப்பார்க்கும். விடியற்காலையில் விரிந்து, தன் மகரந்தத்தாலேயே கருவுற்று, மதியத்துக்குள் வதங்கிவிடும். அது வாடி ஒரு வாரத்தில் அந்தக் கணுவிலிருந்து ஊசிமுனை போல விழுது ஒன்று கிளம்பி நேரே தரையை நோக்கி வளரும். அதன் நுனியில்தான் வருங்காலக் காய் இருக்கிறது. விழுது மண்ணைத் துளைத்து இரண்டு விரற்கடை ஆழம் இறங்கி, இருட்டையும் ஈரத்தையும் உணர்ந்த பிறகுதான் படுக்கைவாட்டில் திரும்பிப் பருக்கத் தொடங்கும். வெளிச்சத்தில் தொங்கும் விழுது எத்தனை நாளானாலும் காயாகாது. செம்மண் காய்ந்தால் மேல்தோல் இறுகிப்போகும் குணமுள்ளது. இறுகிய மண்ணை அந்த மெல்லிய முனை துளைக்க முடியாமல் மேலேயே கருகி நிற்கும். செடியை ஓரமாகச் சாய்த்துப் பார்த்தால், நுனி கறுத்த விழுதுகள் தரைக்கு மேலே வரிசையாகத் தொங்குவது தெரியும். கொடி அப்போதும் பச்சையாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஆணிவேர் ஓரடிக்குக் கீழே இன்னும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. வேர் குடிக்கிற மண் வேறு, காய் வளர்கிற மண் வேறு. மேல்மண்தான் முதலில் காய்கிறது. காய் இருப்பதோ மேல்மண்ணில்.

இதைப் பிரித்துப் பார்க்கவே ஒரு சோதனை செய்தார்கள். அமெரிக்காவில் புளோரன்னர் என்ற நிலக்கடலை ரகத்தில், வேருக்கு வேண்டிய நீரைக் கொடுத்துக்கொண்டே, விழுது இறங்கும் மேல்மண்ணை மட்டும் காயவிட்டார்கள். 1997-இல் வெளியான அந்த முடிவின்படி காயும் பருப்பும் வளரும் வேகம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஒரு பருப்பின் எடை 563 மில்லிகிராமிலிருந்து 428 மில்லிகிராமுக்கு இறங்கியது. செடிக்குத் தாகமே இல்லை, இலையில் வாட்டமும் இல்லை. ஆனாலும் பருப்பு இளைத்தது. அதே ஆய்வில் ஆறுதலான செய்தியும் உண்டு. காய்ந்த மண்ணில் இறங்கிய விழுதுகளில் பல வளர்ச்சியை நிறுத்தி வைத்துக் காத்திருந்தன, ஈரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. செடிக்குப் பொறுமை இருக்கிறது. ஆனால் 105 நாள் பயிரில் காத்திருந்த நாளெல்லாம் கணக்கில் கழியும் நாள்.

பருப்பு இளைப்பதற்கு ஈரம் மட்டும் காரணமல்ல, சுண்ணாம்புச் சத்தும் ஒரு காரணம். கால்சியத்தை வேர் உறிஞ்சினாலும் அது இலைக்குத்தான் போய்ச் சேரும். இலையிலிருந்து கீழே இறங்கி மண்ணுக்குள் இருக்கும் காய்க்கு வராது. காய் தன் ஓட்டின் வழியாகச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாகக் கால்சியத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அந்த மண் ஈரமாக இருக்க வேண்டும்; காய்ந்த மண்ணில் கால்சியம் இருந்தும் பயனில்லை. அப்படி விளைந்த காய் வெளியே திரட்சியாகத் தெரியும், கையில் எடுத்து ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும், உடைத்தால் உள்ளே பொக்கு. 45-ஆம் நாளையொட்டி ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஜிப்சத்தை உரக்கடையில் வாங்கிப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ஈரமில்லாத மண்ணில் போட்ட ஜிப்சம் அடுத்த மழைவரை அப்படியே கிடக்கும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மல்லாட்டை வறட்சி தாங்கும் பயிர் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்களே, அவர்களெல்லாம் கண்ணால் பார்க்காமலா சொன்னார்கள்? பார்த்துத்தான் சொன்னார்கள். ஆய்வும் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது, ஆனால் பயிர்க்காலத்தின் ஒரு பகுதிக்கு மட்டும். ஐதராபாத் அருகே பட்டாஞ்செருவிலுள்ள இக்ரிசாட் எனப்படும் பன்னாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் நாகேஸ்வர ராவும் அவருடைய சகாக்களும் நிலக்கடலையின் வெவ்வேறு பருவங்களில் தண்ணீரை நிறுத்திப் பார்த்து 1985-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முளைத்ததிலிருந்து விழுது கிளம்பும்வரை நீரைக் குறைத்த பயிர், தொடக்கம் முதல் கடைசிவரை நீர் பாய்ச்சிய பயிரைவிடக் கூடுதலாகவே விளைந்தது. அந்தப் பருவத்து வறட்சியில் செடி இலையைப் பெருக்காமல் வேரை இறக்குகிறது, பூப்பதைத் தள்ளிவைக்கிறது. தண்ணீர் வந்ததும் பூவெல்லாம் ஒரே அலையாகப் பூக்கிறது. ஒரே சமயத்தில் பூத்தால் ஒரே சமயத்தில் விழுது இறங்கி, காய்களும் ஒத்து முற்றும். ஆகவே இருபதாம் நாளில் வாடி நிற்கும் கொல்லையைப் பார்த்துப் பதறிக் கிணற்றைக் காலி செய்ய வேண்டியதில்லை. அதே ஆய்வில் எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு எப்போது வந்தது தெரியுமா? பருப்பு நிறையும் பருவத்தில் நீர் நின்றபோது. ஆக மல்லாட்டை வறட்சியைத் தாங்கும் என்ற சொல், முதல் மாதத்துக்குப் பொருந்தும். மூன்றாம் மாதத்துக்குப் பொருந்தாது. ஒரே பயிர், ஒரே அளவு தண்ணீர்க்குறை, தேதி மட்டும் மாறினால் லாபம் நட்டமாகிறது.

மூன்றாம் மாதத்தில் மழை வந்தாலும் ஏன் மீள முடிவதில்லை என்பதற்குச் சோயாவில் நல்ல சான்று இருக்கிறது. விதை நிறையும் பருவத்தில் சோயாச் செடிகளைக் கொஞ்ச காலம் வாடவிட்டுப் பிறகு நீர் கொடுத்த ஆய்வொன்று கென்டக்கி பல்கலைக்கழகத்திலிருந்து 2003-இல் வெளிவந்தது. வாட்டம் தொடங்கியதுமே இலைகள் முதுமையடையத் தொடங்கிவிட்டன. தண்ணீர் கொடுத்த பிறகும் அந்த முதுமை நிற்கவில்லை. விதை நிறையும் காலம் சுருங்கி, விதை சிறுத்தது. ஏன் இப்படி என்று யோசித்தால் செடியின் கணக்கு புரிகிறது. அந்தப் பருவத்தில் அதன் வேலை தான் வாழ்வதல்ல, விதையை முடித்துக்கொடுப்பது. நிலைமை மோசமாகிறது என்று உணர்ந்ததும் இலையிலுள்ள சத்தைப் பிரித்தெடுத்து விதைக்கு அனுப்பத் தொடங்கிவிடுகிறது. காட்டில் வாழும் செடிக்கு அது புத்திசாலித்தனம். பத்து நாளில் மழை வரும் என்று செடிக்குத் தெரியாது; நமக்குத் தெரிந்திருந்தாலும் அதற்குச் சொல்ல வழியில்லை.

நிலக்கடலையில் கடைசிக் கட்ட வறட்சிக்கு இன்னும் இரண்டு கேடுகள் உண்டு. ஒன்று, மழையே கேடாவது. நம் பக்கத்தில் பயிராகும் கொத்து ரகங்களின் விதைக்குப் பெரும்பாலும் உறக்கக் காலம் இல்லை. முற்றிய காய் காய்ந்த மண்ணில் கிடக்க, ஆடிப்பட்டத்து அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஐப்பசியில் ஒன்றாக வந்து சேர்ந்தால், காய் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும். வறட்சிக்குப் பின் வந்த நீர் விளைச்சலை மீட்காமல் அழிப்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் இல்லை. இரண்டாவது, அஃப்ளடாக்சின். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. அவற்றுக்குத் தீனியாகப் போட்ட நிலக்கடலைப் புண்ணாக்கில் பூசணம் விட்ட நச்சுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அஸ்பர்ஜில்லஸ் என்ற அந்தப் பூசணம் எல்லா மண்ணிலும் இருப்பதுதான். ஈரமாக இருக்கும்வரை பருப்பு தன்னைக் காத்துக்கொள்ளும் எதிர்ப்புப் பொருளைச் சுரந்து அதை அடக்கி வைக்கிறது. அறுவடைக்கு முந்தைய நான்கைந்து வாரம் மண் காய்ந்து, கொடி மெலிந்து, வெயில் நேரே தரையில் விழுந்து, காயைச் சுற்றிய மண்ணின் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி நின்றால் பருப்பின் ஈரம் குறைகிறது, காவல் தளர்கிறது, பூசணம் உள்ளே நுழைகிறது. அதன் பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் ஏறிய நச்சு இறங்காது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. நேரடியாக உண்ணும் கடலையில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருந்தால் ஐரோப்பிய நாடுகள் சரக்கை ஏற்பதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் தின்னும் கடலைமிட்டாய்க்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

ரகத்தை மாற்றினால் போதாதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல கேள்வி. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-இல் வந்த டி.எம்.வி. 2 ரகம், ஆந்திரத்தின் வறண்ட அனந்தபூர் மாவட்டத்தில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. அதற்கு மாற்றாக இக்ரிசாட் கொடுத்த ஐ.சி.ஜி.வி. 91114-இன் பலங்களில் முக்கியமானது, முந்தி முற்றிவிடுவது. வறட்சி வருமுன் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பும் தந்திரம் அது. சோயாவில் ஜப்பானிலிருந்து கிடைத்த பி.ஐ. 416937 என்ற வகை வேறு தந்திரம் செய்கிறது. நண்பகலில் காற்று மிகவும் உலர்ந்ததும் நீர்ப்போக்கை ஒரு வரம்புக்கு மேல் ஏறவிடாமல் நிறுத்திக்கொள்கிறது. அப்படி மிச்சம் பிடித்த நீர் மண்ணிலேயே தங்கி, விதை நிறையும்போது கைகொடுக்கிறது. பக்கத்துச் செடிகள் வாடியபின்னும் இது நிமிர்ந்து நிற்கும். ஆனால் நல்ல மழை பெய்கிற ஆண்டில் இதே சிக்கனத்தால் கொஞ்சம் விளைச்சல் குறையும். ஆக எந்த ரகத்தின் வறட்சி குணமும் ஒரு குறிப்பிட்ட வகை வறட்சிக்கான விடைதான். கடைசியில் மழை தவறும் ஊருக்கு ஏற்றது, நடுவில் தவறும் ஊருக்கு உதவாமல் போகலாம். ரகம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். எந்தப் பருவத்தில் வரும் வறட்சிக்கு இந்த ரகம் என்று விதை விற்கும்போதே விவசாயியிடம் சொல்ல வேண்டும் என்கிறேன். ‘வறட்சி தாங்கும்’ என்று பொதுவாக அச்சடித்த விதைப்பை அவருக்குப் பாதித் தகவலைத்தான் தருகிறது.

இன்னொரு மறுப்பு ஆய்வு முறையைப் பற்றியது. இந்தச் சோதனைகளில் பல தொட்டியில் வளர்த்த செடிகளில் நடப்பவை, கொல்லைக்கு அவை பொருந்துமா? தொட்டி மண் நாலைந்து நாளில் காய்ந்துவிடும். கொல்லை மண் வாரக்கணக்கில் காயும். மெல்லக் காயும்போது செடி தன் செல்களுக்குள் சர்க்கரை, புரோலின் போன்ற கரைபொருள்களைச் சேர்த்து நீரைப் பிடித்துவைக்கப் பழகிக்கொள்கிறது; வேரை ஆழம் இறக்கவும் அவகாசம் கிடைக்கிறது. ஆகவே தொட்டிச் செடியைவிடக் கொல்லைச் செடி திறமையாகவே மீளும். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஒப்புதல் என் வாதத்தைத் தளர்த்தவில்லை, இறுக்குகிறது. கொல்லையில் இலை இன்னும் நன்றாக மீளுமென்றால், இலையைப் பார்த்து ஏமாறும் வாய்ப்பும் அங்கேதான் அதிகம். கொடியைக் காப்பாற்றும் ஆழமான வேர், இரண்டு விரற்கடை ஆழத்தில் காயும் மேல்மண்ணுக்கு எதுவும் செய்ய முடியாது.

தண்ணீர் குறைவாக இருப்பவர் அதை எங்கே செலவழிப்பது என்ற கேள்விக்கு இதிலிருந்து விடை வருகிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயிர்க்காலத்தை மூன்றாகப் பிரிக்கிறது: 25 நாள்வரை பூக்கும் முன்பருவம், 26 முதல் 60 வரை பூவும் விழுதும், 61 முதல் 105 வரை காய் முற்றுதல். விதைப்புக்கும் உயிர்த்தண்ணீருக்கும் பிறகு முதல் பருவத்தில் கஞ்சத்தனம் காட்டலாம். இரண்டாம் பருவத்தில் தேவை ஆழமான பாசனமல்ல, மேல்மண் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் அளவான பாசனம். தெளிப்பு நீர்ப் பாசனம் இங்கே பொருந்தும். ஏறக்குறைய 30 சதவீத நீரும் மிச்சமாகும். நீரே இல்லாதவர்கள் பூக்கும், விழுதிறங்கும் நாள்களில் அரை சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலை இலைமேல் தெளிக்கலாம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. 45 நாளுக்குப் பிறகு களைக்கொட்டு பிடித்து மண்ணைக் கிளறக் கூடாது. இறங்கிய விழுது அறுந்துபோகும். ஒரே ஒரு பாசனத்துக்குத்தான் தண்ணீர் இருக்கிறது என்றால், அதைக் கொடி வாடிய முதல் நாளில் கொட்டிவிடாமல் பருப்பு நிறையும் நாளுக்குக் காத்துவைப்பதே நல்லது. வாடிய செடியைப் பார்த்துக்கொண்டு தண்ணீரை வைத்திருப்பது மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் சான்றுகள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

அரசு அலுவலர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. 2016-இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், பருவத்தின் நடுவில் வறட்சி வந்து எதிர்பார்க்கும் மகசூல் வழக்கமானதில் பாதிக்கும் கீழே போகும் என்று தெரிந்தால், இழப்பீட்டில் 25 சதவீதம்வரை முன்கூட்டியே கொடுக்க வழி இருக்கிறது. அதைக் கூட்டுக் குழு வந்து பார்த்து முடிவு செய்யும். இறுதிக் கணக்கு அறுவடைப் பரிசோதனையில் எடை போட்டுத்தான் வருகிறது என்பதால் கடைசியில் உண்மை தெரிந்துவிடும் என்று சொல்லலாம். ஆனால் விவசாயிக்குக் கடன் கட்டவும் அடுத்த விதை வாங்கவும் பணம் வேண்டியது அந்த நடுவில்தான். குழு வருவதற்கு முந்தைய வாரம் ஒரு மழை பெய்திருந்தால் கொல்லை பச்சையாக இருக்கும். வரப்பில் நின்று பார்ப்பவருக்கும் வானிலிருந்து படமெடுக்கும் செயற்கைக்கோளுக்கும் பச்சைதான் தெரியும். நெல்லுக்குக் கதிரைப் பார்க்கலாம், சோயாவுக்குக் காயைப் பார்க்கலாம். நிலக்கடலைக்கு மண்ணைத் தோண்டாமல் எதையும் பார்க்க முடியாது. ஆகவே வருகிற குழுவினர் கொல்லையின் நாலு மூலையிலும் நடுவிலும் செடிகளைப் பிடுங்கி, மண் உதறி, இறங்கிய விழுது எத்தனை, மேலேயே கருகியது எத்தனை, திரண்ட காய் எத்தனை என்று எண்ணிக் குறிப்பேட்டில் எழுதட்டும். அந்த எண்ணிக்கை இல்லாத ஆய்வறிக்கையை விவசாயிகள் கையெழுத்திட்டு ஏற்க வேண்டாம்.